உயிரோடு வந்து நின்ற கொடைவள்ளல்

மனிதனுக்குத் தானம் செய்யவும் ஆசை இருக்கிறது, கையில் இருப்பது கையை விட்டுப் போகக்கூடாது என்ற ஆசையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே கையெழுத்தில் நிறைவேற்றித் தருவது உயில் ஒன்றுதான். இந்த உண்மையை நான் ஐம்பத்தாறாவது வயதில் கண்டுபிடித்தேன். (இத்தனை காலம் யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டதாக ஒரு வாரம் மிதப்பில் வேறு திரிந்தேன்.)

ரவாங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவுக்கு நான் ஃபோர்மன். குழாய், வால்வு, பம்பு, இவைதாம் என் உலகம். கூட வேலை செய்த நண்பர் ஒருவர் உயில் எழுதாமலே போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி அலுவலகம் அலுவலகமாக அலைந்ததைப் பார்த்து அரண்டுபோய், ஒரு சனிக்கிழமை உயில் எழுதித் தரும் இடத்துக்குப் போனேன். என் மனைவி சரோஜாவிடம் மூச்சு விடவில்லை. உயில் என்ற பேச்சை எடுத்தாலே "மொதல்ல வாயக் கழுவுங்க" என்பாள்.

அங்கே இருந்த பெண்ணுக்கு என் மகள் கவிதா வயதுதான் இருக்கும். வீடு யாருக்கு என்றாள், சரோஜாவுக்கு என்றேன். சேமிப்பு யாருக்கு என்றாள், கவிதாவுக்கு என்றேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அங்கிள், சேரிட்டிக்கு ஏதாச்சும் எழுதுறீங்களா? நெறைய பேரு அதெல்லாம் செய்ய மாட்டாங்க லா" என்றாள்.

அந்த 'நெறைய பேரு'தான் என்னைக் கெடுத்தது. நான் அந்த நிறையப் பேரில் ஒருவனா? நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கோலசிலாங்கூர்ல எனக்கு ஒரு நெலம் இருக்கு. அத அங்க இருக்குற முதியோர் இல்லத்துக்கு எழுதிடும்மா."

"வாவ், அங்கிள்!"

(கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பார்த்து யாரும் 'வாவ்' சொன்னதில்லை. அதற்கு முன்பும் சொன்னதில்லை.)

அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில் அப்பா வாங்கியது. கொஞ்சம் செம்பனை, ஒரு ரம்புத்தான் மரம், ஒரு பலகைக் குடிசை. கிராண்டில், அதாவது நிலப் பத்திரத்தில், என் பெயர்தான் இருக்கிறது. ஆனால் அது சரோஜாவின் நிலம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், பழைய சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் களை பிடுங்குவாள். கத்தரி, வெண்டை, பண்டான் இலை எல்லாம் அவள் கைராசி. வேலையை விட்டதும் அங்கேயே ஒரு சின்ன வீடு கட்டிக் குடியேறவேண்டும் என்பது அவள் கனவு. எந்த ஜன்னல் வழியாக ரம்புத்தான் மரம் தெரியவேண்டும் என்பதுவரை முடிவு செய்துவைத்திருந்தாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பெண்ணின் எதிரில் எப்படி மறந்தேன் என்பது இன்றுவரை விளங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் ஒன்றுதான் தோன்றுகிறது. நான் போன பிறகும் உலகத்தில் ஆட்கள் மிச்சம் இருப்பார்கள் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. சல்லிக்காசு செலவில்லாமல் கொடைவள்ளல் ஆகிவிட்டேன். ஆனால் ஒரு குறை. யாருக்குமே தெரியாத கொடையில் என்ன சுவை? ஐந்து நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டு இல்லத்தின் தலைவர் தனபாலனுக்குப் போன் போட்டேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நல்ல மனிதர். கவிதாவின் பிறந்தநாளுக்கு வருடாவருடம் அந்த இல்லத்தில் சாப்பாடு போடுகிற பழக்கத்தில் தெரிந்தவர்.

அவர் "ஹலோ" சொல்லவும் சரோஜா விளக்கேற்றிவிட்டுச் சாம்பிராணிக் கரண்டியோடு வாசலுக்கு வரவும் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் சாவு, பிணம், கருமாதி போன்ற சொற்களுக்கு அனுமதி இல்லை. கொசு செத்துவிட்டது என்று சொன்னதற்கே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த லட்சணத்தில் 'நான் செத்த பிறகு' என்று எப்படிச் சொல்வது?

"ஐயா, அந்த நெலம் ஒங்க இல்லத்துக்குத்தான். பேப்பர்லாம் எழுதி கையெழுத்துப் போட்டாச்சு" என்றேன் தணிந்த குரலில்.

"என்னாங்க சொல்றீங்க! எப்ப கைக்கு வரும்?"

சாம்பிராணிப் புகை என் மூக்குவரை வந்துவிட்டது.

"அது... நேரம் வந்தா தானா வந்துரும்ங்க. வச்சிர்றேன்."

"போன்ல யாரு?" என்றாள் சரோஜா.

"ஆபீஸ்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் பாதி வாயைத் திறந்து கெட்டேன்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் குழப்பமாகவே இருந்தது. தனபாலன் அடிக்கடி கூப்பிட்டார். என் போட்டோ கேட்டார். நிலம் எந்தப் பக்கம் என்று கேட்டார். "ஒரு சின்ன விருந்து, குடும்பத்தோட வந்துருங்க" என்றார். உயில் எழுதியவர்களுக்கெல்லாம் விருந்து வைப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சரோஜாவிடம், "பொறந்தநாளைக்குச் சாப்பாடு போட்டோம்ல, அதுக்கு நன்றி சொல்றாங்களாம்" என்றேன். அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

போய் இறங்கினால், வாசலில் கெனோப்பிப் பந்தல். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். கெனோப்பிக்கு நடுவில் ஆளுயர பேனர். அதில் நான்! யாரோ கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து என்னை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். பக்கத்தில் நின்றவரின் தோள்பட்டை மிச்சம் இருந்தது. கீழே 'நிலம் தந்த வள்ளல்' என்று எழுதியிருந்தது.

"அப்பா, என்னப்பா இது?" என்றாள் கவிதா.

"எனக்கும் புரியலம்மா" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அது.

கேட்பதற்குள் மாலை விழுந்தது. பொன்னாடை விழுந்தது. மேடையில் உட்காரவைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். தனபாலன் அழகாகப் பேசினார். 'பெற்ற பிள்ளைக்கே ஒரு அடி மண் தராத இந்தக் காலத்தில்...' என்று என்னைப் பார்த்துக் கைநீட்டினார். கூட்டம் கைதட்டியது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. பிறகு ஒரு துணியை விலக்கினார். மாடிக் கட்டடம் ஒன்றின் பெரிய படம். யாரோ நேரில் போய் நிலத்தைப் படம் பிடித்து, அதன்மேல் கட்டடத்தை வரைந்திருந்தார்கள்.

முன்வரிசையிலிருந்து சரோஜாவின் குரல் கேட்டது. அவள் சத்தம் போடவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் மேடைவரை வந்தது.

"ஏங்க, அது நம்ம ரம்புத்தான் மரம்லா?"

கட்டடத்தின் குளியலறைப் பக்கமாக அந்த மரம் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. நான் மாலையைச் சரிசெய்தேன்.

"அடுத்த மாசம் அடிக்கல் நாட்டலாம்னு இருக்கோம்" என்று தனபாலன் என்னிடம் திரும்பி மைக்கை நீட்டினார். "கிராண்ட எப்ப பேர் மாத்தித் தர்றீங்கன்னு நம்ம கொடைவள்ளலே சொல்லட்டும்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர்கள் நிலம் இப்போதே வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எதிரில் குத்துவிளக்கு ஐந்து முகமும் எரிகிறது. மங்கலமான சபையில் எந்த வாயால் சொல்வது?

"அதாவது... காலம் கனியும்போது..." என்றேன்.

"எந்த மாசம்ங்க?" என்றார் இல்லத்தின் பொருளாளர், கீழிருந்து.

"மாசம்னு இல்ல... அது நம்ம கையில இல்ல. மேல இருக்குறவன் எப்ப கூப்புடுறானோ அப்ப..."

"லேண்ட் ஆபீஸ் மேல்மாடியிலயா?" என்றார் பொருளாளர்.

அப்போது இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். கோவிந்தசாமி என்று பெயர், இல்லத்திலேயே மூத்தவர். காது மந்தம். அதனால் மெதுவாகப் பேசத் தெரியாது.

"அட, இது கூடவா புரியல! அவன் செத்த பெறகு குடுப்பானாம்யா!"

நாதஸ்வரத்தைக்கூட யாரோ நிறுத்திவிட்டார்கள். பெரியவர் விடவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆளு பாக்க நல்லாத்தான் இருக்கான். எனக்கு எண்பத்திரெண்டு ஆவுது. இவன் எப்ப செத்து, எப்ப கட்டி, நான் எப்ப போயி இருக்குறது? எனக்கு மாடியெல்லாம் வேணாம்பா. கக்கூசுல ஒக்காந்தா எந்திரிக்க முடியல. புடிச்சிக்க ஒரு கம்பி போட்டுக் குடு, போதும்."

இதோடு முடிந்திருந்தால் தப்பித்திருப்பேன். நல்ல நேரம் தவறுகிறதே என்று காத்திருந்த குருக்கள், இல்லத்தின் பிள்ளையார் சன்னிதியில் மணியை ஆட்டிவிட்டார். நன்கொடை தருபவர் பெயரில் அர்ச்சனை செய்வது அந்த இல்லத்தில் வழக்கம். எல்லோரும் எழுந்து போனோம். சரோஜா என் பக்கத்தில் நின்றாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"சுவாதி" என்றேன்.

"தீர்க்காயுசுக்கு சங்கல்பம் பண்ணிடலாமா?"

பொருளாளர் தொண்டையைச் செருமினார். தனபாலன் கட்டடப் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தவர், கூரையைப் பார்த்தார். செயற்குழுவில் மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் ஆயுளைப் பற்றி இத்தனை பேர் ஒரே நேரத்தில் யோசித்தது அதுதான் முதல் தடவை.

"சாமி, பொதுவா ஒலக நன்மைக்குன்னு பண்ணிருங்களேன்" என்றார் பொருளாளர் கடைசியில்.

அதற்குமேல் கவிதாவால் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அழுகிறாளாக்கும் என்று பின்னாலேயே போனேன். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

சரோஜாவை இல்லத்தின் சமையலறையில் கண்டுபிடித்தேன். பட்டுப்புடவையோடு தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"நல்ல காரியம்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"நல்ல காரியந்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா செத்த பெறகு குடுக்குறதுல ஒங்களுக்கு என்னாங்க போவுது? நீங்கதான் இருக்க மாட்டீங்களே. போறது எல்லாம் எனக்குத்தான?" தட்டை வைத்துவிட்டுத் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா? நான் அப்ப எங்க போயி ஒக்கார்றது? இங்கயே எனக்கும் ஒரு கட்டில் போடச் சொல்லிட்டீங்களா?"

கழுத்தில் மாலை அரித்தது. நான் கொடுத்ததாக நினைத்தது என்னுடையதே இல்லை என்பது, அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபோதுதான் மண்டையில் ஏறியது.

"கடத் தேங்காய எடுத்து வழிப் பிள்ளையாருக்கு ஒடச்சிட்டீங்கப்பா" என்றாள் வாசலில் நின்ற கவிதா. "டூ மச்."

சரோஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகத் தனபாலனிடம் போனாள். "ஐயா, நெலத்தப் பத்தி வீட்ல பேசல. தப்பா நெனச்சிக்காதீங்க. ஆனா அந்தப் பெரியவரு கம்பி கேட்டாரே, அத இவரு வர்ற ஞாயித்துக்கெழம வந்து போட்டுக் குடுப்பாரு. இவருக்கு அந்த வேலதான்" என்றாள்.

இப்படியாக என் தானம், நான் உயிரோடு இருக்கும்போதே, என் முதுகெலும்பின் செலவில் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை துளைபோடும் இயந்திரத்தோடு போய் எல்லாக் கழிப்பறைகளிலும் கம்பி பொருத்தினேன். கோவிந்தசாமி ஒவ்வொன்றிலும் தொங்கிப் பார்த்தார். "பரவால்ல, சாவுறதுக்கு முந்தியே குடுத்துட்ட" என்று தோளில் தட்டினார். பொன்னாடையைவிட அது கனமாக இருந்தது.

உயிலை மாற்றி எழுதப் போனபோது சரோஜாவும் வந்தாள். நிலம் அவள் பெயருக்கு என்றதும் அந்தப் பெண் "ஓகே, அங்கிள்" என்றாள், அவ்வளவுதான். சரோஜாவும் தனக்கு ஓர் உயில் எழுதிக்கொண்டாள், என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "எனக்கு வேல கெடக்கு" என்கிறாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தனபாலன் இப்போதெல்லாம் போன் போட்டால் சரோஜாவின் உடம்பைத்தான் விசாரிக்கிறார். என் உடம்பை யாரும் கேட்பதில்லை.

வீட்டில் அன்றிலிருந்து எனக்கு ஒரு சொல் தடைசெய்யப்பட்டுவிட்டது. போன வாரம் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றாள் சரோஜா. நாற்காலியில் சாய்ந்தபடி, "அப்பறம் பாக்குறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அறையிலிருந்து கவிதாவின் குரல் வந்தது. "அம்மா, அப்பா கொழாயையும் உயில்ல எழுதி வச்சிட்டாரு!"

எழுந்துபோய் ஸ்பேனரை எடுத்தேன்.