அசறுக்குப் பிறகு வீடு பார்க்க வருவார்கள்

கூடத்துச் சுவரின் ஈரக் கறையை மறைக்க எதை மாட்டுவது என்று அதாவுல்லா காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தார். காலண்டர் போதவில்லை. கடிகாரமோ கறைக்குப் பொட்டு வைத்தது போலிருந்தது.

பின்னேரம் அசறுத் தொழுகை முடிந்ததும் வீடு வாங்குபவர்கள் வருகிறார்கள். முன்பு வந்தவர்கள் கறையைப் பார்த்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், போனவர்கள் போனவர்கள்தான். இளைய மகள் நுஸ்ரத்துக்கு நிக்காஹ் நாள் குறித்தாகிவிட்டது. அவளுக்குச் சீதனமாகக் கொடுக்க அக்கரைப்பற்றில் கட்டும் வீடு கூரையில்லாமல் நிற்கிறது. இந்தக் கல்முனை வீடு விலைப்பட்டால்தான் அதற்குக் கூரை.

"இஞ்சேருங்க, ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க. அயலட்டம் முழுக்க வந்து நிக்கும்," என்றாள் மனைவி சுல்பிகா.

சொல்லிவிட்டு அவளே வேலிப்பக்கம் போய்ப் பக்கத்து வீட்டு ஹாஜறாவிடம் சொன்னாள்.

அடுத்த நிமிடம் ஹாஜறா வந்தாள். "இதுக்குப் போய் ஏன் கவலப்படுறீங்க காக்கா? எங்கட அலுமாரிய வெச்சு மறைச்சிருவம்."

அவள் மகன்மார் அலுமாரியைத் தூக்கி வந்தார்கள். அது முன்வாசலில் பாதி நுழைந்து இறுகிக்கொண்டது. முன்னுக்கும் வராது, பின்னுக்கும் போகாது.

எதிர்வீட்டு நிப்றாஸ் சுத்தியலோடு ஓடிவந்தார். "கதவக் கழட்டினாச் சரி."

கதவு கழன்றது. அலுமாரி அசையவில்லை. சுத்தியல் அடித்த அடியில் கூடத்துக்கு மேலே ஓடுகள்தான் சரிந்து விழுந்தன.

"பயப்படாதீங்க, ஏறிப் போட்டுத்தாறன்," என்று நிப்றாஸ் ஏணி வைத்து ஏறினார். ஏறியவரின் கால் இன்னும் நாலு ஓடுகளை உடைத்துக்கொண்டு உள்ளே தொங்கியது.

இப்போது கறையை யாரும் பார்க்கப் போவதில்லை. பார்க்க வானம் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வீடு பார்க்க வரவிருந்த ஸகியா, மகள் அம்ஹாவோடு ஆட்டோவில் வந்திறங்கினாள். வாசலில் அலுமாரி நின்றதால் பின்பக்கக் குசினிக் கதவு வழியாக உள்ளே வந்தார்கள்.

"தங்கச்சி, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, ஓடு விழும்!" என்றது கூரையில் தொங்கிய கால்.

ஹாஜறா அம்ஹாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "என்ன புள்ள, முகம் வாடிக் கிடக்கு? பகல் சாப்பிட்டியா?" வட்டிலப்பம் வந்தது. தேத்தண்ணி வேறொரு வீட்டிலிருந்து வந்தது.

ஸகியா சுவரைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள்.

அதாவுல்லா முன்னுக்கு வந்தார். "தங்கச்சி, வீடு காலைல இவ்வளவு மோசமில்ல. எல்லாம் இவங்க…"

இவங்க செய்த வேலை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். நிப்றாஸின் காலில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஹாஜறாவின் மகன்மார் வியர்வையில் சேட்டெல்லாம் நனைந்து அலுமாரியை இன்னும் தாங்கிப் பிடித்திருந்தார்கள். யாரையும் அவர் கூப்பிடவில்லை. ஆனாலும் எல்லாரும் வந்திருந்தார்கள். இத்தனை வருடத்தில் இவர்களுக்கு ஒரு நன்றி சொன்ன ஞாபகம்கூட அவருக்கு இல்லை.

"இவங்க எனக்காக ஓடி வந்தவங்க," என்றார். "அல்லாஹ் இவங்களுக்கு பரக்கத் செய்யணும். வீட்ட நீங்க வேணாமெண்டாலும் எனக்குக் கவலயில்ல."

கவலை இருந்தது. நுஸ்ரத்தின் முகம் கண்ணுக்குள் வந்து போனது.

ஸகியா மகளைப் பார்த்தாள். "என்ன புள்ள சொல்றாய்?"

அம்ஹா வட்டிலப்பத்தை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"சுவர் ஈரத்த புரோக்கர் அனுப்பின வீடியோவுலயே கண்டுட்டம் மாமா, அதையும் கூரையையும் மேசன வெச்சுத் திருத்தலாம். மாப்பிள கட்டாருல வேல செய்றார், நான் தனியத்தான் இருக்கப் போறன். இண்டைக்கி நாங்க பாக்க வந்தது வீட்ட இல்ல, அயலத்தான்."