ஆமைக் காவல் சட்டமும் கொளஞ்சியின் சிறைவாசமும்

தேசப்படம் வரைந்தவர்கள் ஏனோ விட்டுவிட்ட ஒரு கடலோரத்தில் திரைநாடு என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் மகாராஜா பேரலைவர்மர். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள் வரிசையில் நின்று ஓட்டுப்போட்டு அவரையே தேர்ந்தெடுப்பார்கள். ஓட்டுச்சீட்டில் வேறு பெயர் இருக்காது.

அந்த நாட்டின் தென்கோடியில் சங்குத்துறை என்னும் மீனவக் குப்பம். அங்கே மீன் விற்றுப் பிழைத்தவள் கொளஞ்சி. தலையில் கூடை இருக்கும்போதே கீழே இறக்காமல் சண்டை போடக்கூடியவள்.

தை பிறந்தால் சங்குத்துறைக் கரைக்குக் கடலாமைகள் வரும். மணலில் குழி பறித்து முட்டையிட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். வலையில் ஆமை சிக்கினால் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கடலில் விடுவது அங்கே வழக்கம். அதில் பாதி பக்தி, பாதி பிழைப்பு. கடலில் கண்ணாடிக் குடைபோல மிதக்கும் சொறி என்னும் இழுதுமீனை ஆமைதான் தின்று தீர்க்கும். ஆமை குறைந்தால் சொறி பெருகும். வலையில் மீனுக்குப் பதில் சொறி ஏறும். வலை இழுத்தவன் கையெல்லாம் தடித்து நாள்கணக்கில் எரியும்.

அப்படி எரிய ஆரம்பித்தது, மாசிலாமணி கரைக்கு வந்த பிறகுதான். தலைநகரத்து விருந்துகளுக்கு ஆமைக்கறியும் முட்டையும் அனுப்புகிற வியாபாரி. அவனுடைய ஆட்கள் மூட்டை மூட்டையாக முட்டையை அள்ளினார்கள். ஆமைகளை மல்லாத்திப் போட்டுப் படகில் ஏற்றினார்கள். தடுக்கப்போன கொளஞ்சியின் புருஷன் சின்னத்தம்பிக்குக் கை ஒடிந்தது.

கொளஞ்சி பெண்களைத் திரட்டிக்கொண்டு தலைநகருக்கு நடந்தாள். அரசவையில் நின்று நடந்ததைச் சொன்னாள். "மகாராஜா, ஆமை போச்சின்னா எங்க கடலு போச்சி. கடலு போச்சின்னா நாங்க எங்க போவோம்?"

மகாராஜா அழுதார். சேவகன் பட்டுத்துணி நீட்ட, துடைத்துக்கொண்டு மீண்டும் அழுதார். கடலோர நல அமைச்சர் குணபூஷணர் எழுந்தார்.

"மன்னர் கண்ணீர் சிந்திய பிறகு சட்டம் சும்மா இருக்கலாகாது. இன்று முதல் ஆமைக் காப்பு நிதி அமைக்கப்படுகிறது. ஒவ்வொரு படகும் பிடிக்கும் மீனில் பத்தில் ஒரு பங்கை அந்நிதிக்கு மனமுவந்து வழங்கும். வழங்காதவரின் படகை அரசு மனமுவந்து எடுத்துக்கொள்ளும்."

பத்தில் ஒன்று போனால் போகட்டும், ஆமை பிழைத்தால் சரி என்று பெண்கள் ஊர் திரும்பினார்கள்.

அடுத்த தையில் காவல் வந்தது. பச்சைத் தலைப்பாகையும் வெள்ளிப் பித்தானுமாகக் கடலாமைக் காவல் தளபதி குதிரையிலிருந்து இறங்கினார். மாசிலாமணி.

கொளஞ்சி அவனைத் தாண்டிப் போனாள். கூட வந்த அமைச்சரிடம்தான் கேட்டாள். "சாமி, இந்த ஆளப் பத்தித்தானே நாங்க சொல்லிட்டு வந்தோம்?"

"ஆம். அதனால்தான் நியமித்தோம்" என்றார் குணபூஷணர். "ஆமை எங்கே வரும், எப்போது வரும், எப்படிப் பிடிபடும் என்று இவரைவிட நன்கறிந்தவர் இந்நாட்டில் உண்டா? அனுபவத்தை வீணடிக்கும் அரசல்ல இது."

அன்றே இரண்டு ஆணைகள் பிறந்தன. ஆமைக் காலம் முடியும்வரை காவலரைத் தவிர யாரும் கரையில் கால் வைக்கக்கூடாது; அனுமதியின்றி ஆமையைப் பாதுகாப்பதும் குற்றம். இரண்டாவது, தாங்கள் பாதுகாக்கப்படுவதை ஆமைகள் அறியும்பொருட்டு, நிதிப் பணத்தில் கரை நெடுக விளக்குத் தூண்கள் நடப்படும். நடுவில் மகாராஜா ஆமையைத் தடவிக்கொடுப்பது போன்ற சிலை.

காவலரின் சாக்குகளுக்குத் தப்பிய சில குழிகளில் குஞ்சு பொரித்தது. அலையின் மினுக்கத்தைப் பார்த்துக் கடலுக்குப் போகவேண்டிய குஞ்சுகள், விளக்கைப் பார்த்துக் கரைப்பக்கம் ஊர்ந்தன. விடிந்தபோது சிலையின் காலடியில் காக்கைகள் கூடியிருந்தன. கொளஞ்சி அவற்றை விரட்டிவிட்டு, உயிர் மிச்சமிருந்த குஞ்சுகளை முந்தானையில் பொறுக்கி அலையில் விட்டாள். பக்கத்தில் இருந்த ஒரு குழியின் மேல் முள் வெட்டிப் போட்டாள். அங்கேயே அவளைப் பிடித்தார்கள்.

"முள் வைத்தது நீயா?" என்று கேட்டார் நீதிபதி.

"நாந்தாங்க. நாய் தோண்டிடும்னு வெச்சேன்."

"ஆக, பாதுகாத்திருக்கிறாய்."

"ஆமாங்க."

"அனுமதியின்றி."

"தாயி புள்ளயத் தூக்க யார்கிட்டங்க அனுமதி கேக்கறது?"

"உவமை சாட்சியமாகாது. ஒரு மாதம் சிறை."

அந்த ஒரு மாதத்தில் கொளஞ்சி ஒன்றைக் கவனித்தாள். சிறைக்குள் தளபதி மாசிலாமணிகூட நுழைய முடியாது. அரச முத்திரை இல்லாத யாரையும் காவல்காரன் வாசலிலேயே நிறுத்தினான். கைதிக்குச் சுகம் கூடாதென்று உள்ளே விளக்கும் கிடையாது. இருட்டில் உட்கார்ந்து அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வருட முடிவில் அமைச்சர் அறிக்கை வாசித்தார்: "ஆமைத் திருட்டு அறவே ஒழிந்தது. காவலர் அல்லாத எவரும் ஓர் ஆமையைக்கூடத் தொடவில்லை." வெற்றி விழாவுக்காக நிதிப் பங்கு பத்தில் இரண்டானது.

மறு தையில், விளக்கேற்றும் முன்பாகவே, சங்குத்துறை முழுவதும் கரையில் இறங்கியது. முன்னால் கொளஞ்சி. பின்னால் ஒடிந்து கூடிய கையோடு சின்னத்தம்பி. ஆளுக்கு ஒரு முள்கிளையோடு மணலில் உட்கார்ந்தார்கள்.

"நாங்க பாதுகாக்கறோம்" என்று காவலரிடம் சொன்னாள். "அனுமதி இல்ல. பிடிச்சிக்குங்க."

பிடித்தார்கள். சித்திரை முடியும்வரை சிறை என்று தீர்ப்பானது. ஆனால் ஊர்ச் சிறையில் பாதிப் பேர் நிற்கவே இடமில்லை. புதிய சிறை கட்ட நிதியில் பணமும் இல்லை; சிலைக்குப் பொன்முலாம் பூசியாகிவிட்டது. குணபூஷணர் நேரில் வந்து தலையைச் சொறிந்தார்.

கொளஞ்சி கைகூப்பினாள். "சாமி, எங்க வேணா போடுங்க. அந்தக் கரையில மட்டும் அடைச்சிடாதீங்க. வெயிலு, உப்புக்காத்து, பொட்டு நெழலு கெடயாது. செத்துடுவோம்."

அமைச்சர் முகம் மலர்ந்தது. "குற்றம் செய்த இடத்திலேயே தண்டனை. எத்தகைய நீதி!"

கரையைச் சுற்றி வேலி அடைத்தார்கள். கடல் பக்கம் வேலி தேவையில்லை, அங்கே கடலே இருக்கிறது என்று செலவைக் குறைத்தார் அமைச்சர். சிறை விதிப்படி விளக்குத் தூண்கள் பிடுங்கப்பட்டன. சிலையை மட்டும் விட்டுவைத்தார்கள். வெயில் உண்மையிலேயே கொடுமையாகத்தான் இருந்தது. உதடு வெடித்தது, கஞ்சியில் மணல் கடித்தது. ஆனால் கும்மிருட்டுக் கரையைக் கண்ட ஆமைகள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. கைதிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

மாசிலாமணி சாக்குகளோடு வந்தான்.

"முத்திரை?" என்றான் வாசல் காவல்காரன்.

"நான் தளபதி."

"ஆமைக்குத் தளபதிங்க. இது ஜெயிலு. கடல் பக்கமா படகுல வந்தாலும் ஜெயிலுதான்."

விஷயம் புரிந்த குணபூஷணர் அலறியடித்து ஓடிவந்தார். வேலிக்கு வெளியே நின்று கத்தினார். "உங்கள் அனைவரையும் விடுதலை செய்கிறேன்! உடனே வெளியேறுங்கள்!"

"அது எப்படிங்க?" என்றாள் கொளஞ்சி. "நாங்க குத்தவாளிங்க. சித்திர முடியல."

நீதிபதியை அழைத்து வந்தார்கள். அவர் சட்டத்தைப் புரட்டிவிட்டு வருத்தத்தோடு சொன்னார்: "மன்னர் பிறந்தநாளில் மட்டுமே முன்விடுதலை. மன்னர் பிறந்தது ஐப்பசியில்."

"அப்படியானால் நான் உள்ளே செல்கிறேன்!" என்றார் அமைச்சர்.

"முத்திரை?" என்றான் காவல்காரன்.

முத்திரை கேட்டு ஆள் போனான். மகாராஜா கோடை வாசத்துக்கு மலைக்குப் போயிருந்தார். முத்திரையும் கூடப் போயிருந்தது.

ஒரு விடியற்காலையில் மணல் அசைந்தது. குழிகள் பொங்கின. கறுப்புக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்து, வெளுக்கத் தொடங்கிய கடலை நோக்கி ஊர்ந்தன. கைதிகள் இரண்டு பக்கமும் நின்று காக்கைகளை விரட்டினார்கள். சின்னத்தம்பி வாய்விட்டு அழுதான். கொளஞ்சி அழவில்லை. கடைசிக் குஞ்சு அலைக்குள் மறையும்வரை முள்கிளையை ஓங்கியபடியே நின்றாள். வேலிக்கு வெளியே அமைச்சரும் தளபதியும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சித்திரை முடிந்து அவர்கள் வெளியே வந்த அன்று, குப்பத்து வாசலில் முன்பின் தெரியாத சிலர் காத்திருந்தார்கள். மலைப்பக்கத்திலிருந்து வந்தவர்களின் காட்டுக்கு, மரம் வெட்டி விற்கும் மரவாடிக்காரனைக் காவலனாகப் போட்டிருந்தார்களாம். ஆற்றங்கரையிலிருந்து வந்தவர்களின் ஆற்றுக்கு, மணல் அள்ளுகிறவனே தளபதியாம்.

"அக்கா," என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள், "நாங்க எந்தச் சட்டத்த மீறணும், அதச் சொல்லுங்க."

கொளஞ்சி மீன்கூடையைத் தலைக்கு ஏற்றிச் சும்மாட்டைச் சரிசெய்தாள்.

"சட்டத்தத் தேடி அலையாதீங்க. மொதல்ல பாதுகாக்க ஆரம்பிங்க. பிடிச்சிக்கிட்டுப் போக அவங்களே வருவாங்க."