மூத்திர சாரும் மந்திரி ஆடும்

திருவனந்தபுரத்திலேயே, ஏன், இந்தப் பூலோகத்திலேயே, ஒரு ஆடு ஒன்றுக்குப் போவதைப் பார்த்துக் கண் கலங்கிய ஒரே மனிதர் எங்கள் மூத்திர சார்தான். சிரிக்காதீர்கள் பிள்ளைகளே. சரி, சிரித்து முடித்துவிட்டே வாருங்கள், காத்திருக்கிறேன்.

அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. கரமனை அக்ரகாரத்தில் அவர் வீட்டு வாசலில் அதைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தார்களாம். சாலை என்கிற எங்கள் கடைத்தெருவில் அந்தப் பெயரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மிருக டாக்டருக்குப் படித்து, அதற்கு மேலும் படித்து, ஆராய்ச்சி செய்கிறவர். மிருகத்தின் நோய் மனிதனுக்கு எப்படி வருகிறது, நடுவில் மண்ணும் தண்ணீரும் என்ன வேலை பார்க்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி. அதற்கு அவர் கேட்டதெல்லாம் மூத்திரம். ஆடு, மாடு, நாய், எலி, எதிலும் அவருக்கு ஏற்றத்தாழ்வு கிடையாது.

மாங்காய் பறிக்கிற மாதிரி ஒரு நீள மூங்கில் கம்பு வைத்திருப்பார். நுனியில் பிளாஸ்டிக் கப். ஆடு நடந்தால் பின்னாலேயே நடப்பார், நின்றால் நிற்பார். பிறகு உதட்டைக் குவித்து "ஸ்ஸ்ஸ்" என்பார். நீங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா உங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்களே, அதே ஸ்ஸ்ஸ்தான்.

சங்கடம் என்னவென்றால், அது ஆட்டின் காதில் மட்டும் விழாது. நான் அரிசி மண்டியில் மூட்டை எடை போடுகிறவன். எத்தனையோ முறை பாதி எடையில் எழுந்து ஓடியிருக்கிறேன். எதிர்க்கடைத் துணி வியாபாரி அளந்துகொண்டிருந்த துணியோடேயே ஓடி, தெருவெல்லாம் வேட்டி விரித்திருக்கிறார். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க நின்ற கூட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு தெருநாய்க்காக சார் ஒருநாள் ஸ்ஸ்ஸ் என்றாராம். பாதிக் கூட்டம் கரைந்துவிட்டதாம். நாய் மட்டும் அசையவில்லையாம்.

எங்கள் மண்டிக்குப் பக்கத்தில் எசக்கியக்கா டீக்கடை. அக்காவின் ஆட்டுக்குப் பெயர் மந்திரி. எங்கே போனாலும் தாமதமாகப் போகும், எல்லாரும் வழிவிட வேண்டும், மாலை கிடைத்தால் விடாது, தின்றுவிடும். அக்காவுக்குச் சொந்தம் என்று வேறு யாரும் இல்லை. கடையில் முதல் பன் மந்திரிக்குத்தான்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் மண்டிச் சுமைக்காரர் சுடலைமுத்து காய்ச்சலில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். எங்கள் முதலாளி அண்ணாச்சிக்குக் காய்ச்சலைவிட அந்தப் பெயர்தான் பயமாக இருந்தது. அரிசி வியாபாரி குடோனில் எலி இருக்கிறது என்று தெரிந்தால் எவன் அரிசி வாங்குவான்?

"நம்ம குடோன்ல எலியே கெடையாதுல்லா," என்றார். அப்போது அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு எலி, கூடவே அதன் குடும்பம், சாவகாசமாகக் கடந்து போயிற்று. நாங்கள் எல்லாரும் விட்டத்தைப் பார்த்தோம்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த சார், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், எலி மட்டுமில்லை, ஆடு, மாடு, நாய் மூத்திரத்தில்கூட அந்தக் கிருமி இருக்கலாம் என்று பாடம் எடுத்தார். அண்ணாச்சி அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். அப்படியானால் மந்திரிதான் குற்றவாளி. வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறிக் கடைக்காரர் வந்து கூட்டிப்போவார். இல்லாவிட்டால் அக்கா கடையைக் காலி செய்யட்டும். கடை அண்ணாச்சியின் இடம்.

சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று சார் மந்திரியின் பின்னால் கம்போடு அலைந்தார். மந்திரி வெட்கப்பட்டது. கடைசியில் கப்பை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் அக்கா நிறைந்த கப்பைப் பெருமையோடு நீட்டினார்.

முடிவு வந்தது. கிருமி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை, கறிக்கடைக்காரர் கயிறோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அக்கா மந்திரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். சார் தலை குனிந்து நின்றார்.

"ஒரு கப்பு மூத்திரம் எம் புள்ளையக் கொன்னுட்டுதே சாரே. அதுலயும் பாதி தண்ணி," என்றார் அக்கா.

சார் தலையைத் தூக்கினார். "என்ன தண்ணி?"

"கொஞ்சூண்டுதான் பேஞ்சிது. இம்புட்டுப் படிச்சவருக்கு அரைக் கப்பு குடுத்தா மரியாதையா? பாலு பத்தலன்னா என்ன செய்வேனோ அதத்தான் செஞ்சேன்."

வருஷக்கணக்காக அக்கா கடையில் டீ குடிக்கும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எந்தத் தண்ணீர் என்று சார் கேட்டார். குடோனுக்குப் பின்னால் இருந்த நீல டிரம்மை அக்கா கை காட்டினார். மழைத்தண்ணீர் பிடிக்கிற டிரம். சுமைக்காரர்கள் கால் கழுவுவது அதில்தான். சுடலைமுத்துவின் காலிலோ எப்போதும் பித்தவெடிப்பு.

சார் முகத்தில் விளக்கு எரிந்தது. "ஈஸ்வரா. கிருமி ஆட்டோடதா டிரம்மோடதான்னு இப்போ எனக்கே தெரியாதாக்கும். இன்னொரு தடவை எடுக்கணும், கேட்டேளா அண்ணாச்சி?"

அண்ணாச்சி கறிக்கடைக்காரரைக் காட்டினார். "அவரு டீ குடிச்சி முடிக்கதுக்குள்ள எடுத்துக்கிடும்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைத் தூண்டினார். உலகத்திலேயே சூடான டீ அன்றைக்குத்தான் போடப்பட்டது. கறிக்கடைக்காரர் ஊதினார், ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார்.

சார் கம்பை நீட்டி ஸ்ஸ்ஸ் என்றார். மந்திரி பன்னைத் தின்றது. தொண்டை வறளும்வரை ஸ்ஸ்ஸ் என்றார். மந்திரி காதை ஆட்டியது. அக்காவும் சேர்ந்துகொண்டார். நானும் சேர்ந்தேன். துணி வியாபாரி சேர்ந்தார், சுமைக்காரர்கள் சேர்ந்தார்கள். கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் குக்கரெல்லாம் ஒன்றாக மூச்சு விடுகிற மாதிரி சாலைத் தெருவே ஸ்ஸ்ஸ் என்றது. வாங்க வந்தவர்கள் பையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கறிக்கடைக்காரர் பாதி டீயில் எழுந்து ஓடினார். அண்ணாச்சி காலை மாற்றி மாற்றிப் போட்டார், பல்லைக் கடித்தார், பிறகு அவரும் குடோனுக்குப் பின்னால் ஓடினார்.

அங்கிருந்து ஒரு அலறல். "எலி! ஏல, டிரம்மு பூரா எலில!"

அண்ணாச்சியின் குரல் கோட்டை வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்தில் மந்திரி துள்ளி, நடுங்கி, நின்ற இடத்திலேயே பெய்துவிட்டது. ஒரு சொட்டு கீழே விழாமல் சார் கப்பில் பிடித்தார். நான் முதலில் சொன்னேனே, அவர் கண் கலங்கியது அப்போதுதான்.

அண்ணாச்சியே எலி என்று ஊருக்கு அறிவித்த பிறகு ஆட்டை யார் கேட்பார்கள்? கயிறு காலியாகத் திரும்பிப் போயிற்று. பிறகு வந்த முடிவில் மந்திரிமேல் ஒரு குற்றமும் இல்லை, டிரம்மில்தான் கிருமி. அதைக் கவிழ்த்தார்கள், எலிப் பொந்துகளை அடைத்தார்கள், சுமைக்காரர்களுக்கு அண்ணாச்சி ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். சுடலைமுத்து தேறி வந்து அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இரண்டு தடவை சும்மாவே நடந்தார்.

"ஆடு, ஆளு, தண்ணி, மூணு பேரும் ஒரே ஆத்துல குடியிருக்கறவா," என்று சார் சொல்வார். ஆத்துல என்றால் அவர் பாஷையில் வீட்டில். "ஒருத்தருக்கு ஜுரம்னா மத்தவாளையும் விசாரிக்கணும்." நீங்களும் மழைத்தண்ணீரில் வெறுங்காலோடு குதிக்காதீர்கள். காலில் புண் இருந்தால் கண்டிப்பாகக் கூடாது.

இப்போது சார் மாடுகளைத் தேடி ஏதோ மலைப்பக்கம் போய்விட்டார். கரமனை பஸ்ஸில் யாராவது நீளக் கம்போடு இறங்கினால் அவரோ என்று எட்டிப் பார்ப்போம். பெரும்பாலும் ஒட்டடைக் கம்பு விற்கிறவராக இருக்கும்.

மந்திரிக்குத்தான் பழக்கம் போகவில்லை. ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறது. கப்போடு அங்கே யாரும் இல்லை. அது பார்ப்பதைப் பார்த்து, கடையில் இருக்கிற நாங்களும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறோம்.