கோட்டைக் கடலில் சுடப்பட்ட எங்கள் பந்து

உப்புவெளி,
1943 ஆவணி 12

கப்பல்துறையில் வசிக்கும் மதிப்புக்குரிய இரத்தினசிங்கம் மாமாவுக்கு, மருமகன் ஆனந்தராசா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் கூப்பன் கடை வரிசையில் மூன்று மணித்தியாலம் நிற்கும் அளவுக்குச் சுகம். உங்கள் சுகமும் அவ்வளவாவது இருக்க வேண்டுகிறேன்.

மாமா, கடற்படை எங்கள் பந்தைச் சுட்டுவிட்டது. நாங்கள் விளையாடிய வெளியை முள்ளுக்கம்பி அடித்து எடுத்தவர்கள், தங்கள் கொட்டிலில் பன்னிரண்டு பந்தைக் காற்றிறங்கப் போட்டுவைத்திருப்பவர்கள், உப்புவெளிக்கும் சல்லிக்கும் பட்டினக் கரைக்கும் சேர்த்து இருந்த ஒரே பந்தைச் சுட்டுவிட்டார்கள். ஊருக்கு இரண்டு நாள் என்று முறை வைத்து நூறு பேர் உதைத்த பந்து. ஞாயிறு யாருக்கும் முறை இல்லை, அன்றைக்குத்தான் சண்டை. போன செவ்வாய் சல்லியின் முறை. தையல் விட்டுக் காற்றுப் போகிறது என்று கண்ட சல்லித் தோணிக்காரர் முருகேசு அண்ணன், தோணிக்குச் செய்வதையே பந்துக்கும் செய்தார்: தையலில் பஞ்சு அடைத்து, முழுக்கத் தார் பூசி, "ஒழுகுதோ பாப்பம்" என்று கடலில் மிதக்கவிட்டார். ஒழுகவில்லை. நீரோட்டம்தான் கோட்டைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அண்ணனும் நானும், பந்துக்குக் காற்றடிக்கிற சைக்கிள் கடை ஸெய்னுதீனும் தோணியில் துரத்தினோம். கோட்டைக்குக் கிட்டக் கறுப்பாக, உருண்டையாக மிதந்தது. தண்ணீரில் ஊறிக் கொஞ்சம் பெருத்தும் இருந்தது. அண்ணன் இரண்டு கையையும் நீட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் படைப் படகொன்று வந்தது. அதிலிருந்த தமிழ்க் காவல்காரர், "விலகுங்கோ! கண்ணிவெடி!" என்று கத்தினார்.

"விசரே உங்களுக்கு? அது எங்கட பந்து! தார் பூசினவன் நான்!" என்றார் அண்ணன்.

"நாளைக்கு எங்கட முறை ஐயா!" என்று நானும் கத்தினேன்.

எங்களைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போய், தூரத்திலிருந்து சுட்டார்கள். தண்ணீர் பனை உயரம் எழும்பியது. தோணி கவிழ்ந்தது. அண்ணன் நீந்தியபடியே ஸெய்னுதீனைத் திட்டினார்: "அளவில்லாமக் காத்தடிச்சிட்டியேடா!"

"அல்லாவாணை, பத்துத் தரந்தான் அடிச்சனான்!" என்று அவன் அழுதான்.

ஆகவே மாமா, உங்கள் கந்தோரில் இங்கிலீசில் ஒரு மனு அடித்துக் கொடுக்க வேண்டும். வெளியையும் எடுத்தீர்கள், பந்தையும் சுட்டீர்கள், கொட்டிலில் சும்மா கிடக்கும் பன்னிரண்டையும் முறைக்குத் தாருங்கள் என்று கேளுங்கள். மாமிக்கு என் அன்பு. கோணேசர் உங்கள் எல்லோரையும் காக்கட்டும். அந்தப் பந்தையும் காத்திருக்கலாம்.

இப்படிக்கு,
ஆனந்தராசா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது பந்து சல்லிக் கரையில் ஒதுங்கிவிட்டது. தார், பஞ்சு, பத்துத் தரக் காற்று எல்லாம் அப்படியே இருக்கிறது. முருகேசு அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கையையும் பார்த்தார். இன்னும் மணலிலேயே இருக்கிறார், சோறும் வேண்டாமாம். பந்தைச் சுட்டார்கள் என்ற வரியை வெட்டிவிடுங்கள். எங்களைக் காப்பாற்றினார்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு பந்து என்ற வரி மட்டும் இருக்கட்டும்.