வாடைப் பக்கம் சிவப்பு

“குப்பா, இடது எது?”

“எதுக்கு இடது, பாய்?”

“இந்த விமானத்துக்குடா!”

குப்பன் மேசையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான். குனிந்து விமானத்தின் வயிற்றைப் பார்த்தான்.

“அதுக்குக் கையே இல்லியே பாய். இன்னான்னு சொல்றது?”

கலந்தர் தலையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். மேசை மேல், முழ நீளத்துக்கு ஒரு போர் விமானம் நின்றது. மரத்தில் இழைத்து, வெள்ளிப் பெயின்ட் அடித்து, வாலில் நம்பர்கூட எழுதிய அழகான விமானம். அதன் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கும் வலது நுனியில் பச்சை விளக்கும் எரியவேண்டும். எரிந்தன. ஆனால் இடம் மாறி எரிந்தன.

விமானத்தின் சொந்தக்காரர் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வந்துவிடுவார். அவர் பொன்னேரி அபூபக்கர். ஏர்போர்ஸில் இருந்து ரிடையர் ஆனவர். அதைவிட முக்கியம், கலந்தரின் மகள் ஜொஹராவைத் தன் மகன் கௌஸ் மைதீனுக்குக் கேட்டு வந்திருப்பவர்.

முதல் தடவை பெண் பார்க்க வந்தபோது எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. இதற்கு முன் வந்த மாப்பிள்ளைகள் எவனையும் ஏறிட்டுப் பார்க்காத ஜொஹரா, கௌஸ் மைதீனுக்குத் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் இரண்டு தரம் வந்து போனாள். அவன் முதல் தம்ளரையே இன்னும் குடித்து முடிக்கவில்லை. கலந்தருக்கு மனசு நிறைந்துபோயிற்று. நிறைந்த மனசு சும்மா இருக்காது.

“நீங்க லைட் செட்டு வச்சிருக்கீங்களாமே?” என்று அபூபக்கர் கேட்டார்.

“லைட்டா? கப்பலுக்கே லைட்டு போட்டவன் நான்” என்றார் கலந்தர்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. சந்தனக்கூடு ஊர்வலத்துக்கு மூங்கிலும் காகிதமும் வைத்துக் கட்டிய கப்பல் அது. பழவேற்காடு தெருக்களில் இரண்டு மாடுகள் இழுத்துப் போயின. நடுவில் ஒரு மாடு படுத்துக்கொண்டதால் கப்பல் கொஞ்ச நேரம் தரைதட்டி நின்றது. விளக்குகள் மட்டும் அணையவே இல்லை.

மறுவாரம் அபூபக்கர் விமானத்தைக் கம்பளியில் சுற்றிக் காரில் அனுப்பிவிட்டார். கூடவே சொல்லி அனுப்பினார்: “அசல் விமானத்துல எப்படியோ அப்படியே வேணும். இடது றெக்கையில சிவப்பு, வலதுல பச்சை, வாலுக்கு வெள்ளை, வயித்துல மினுக்கு மினுக்குன்னு ஒரு சிவப்பு. வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன். அதைப் பார்த்துட்டு மத்ததைப் பேசிக்கலாம்.”

மத்தது என்றால் ஜொஹரா.

கலந்தருக்கு விளக்கு மாட்டுவதில் சந்தேகம் இல்லை. சந்தேகம் எல்லாம் குப்பன் மேல்தான். குப்பன் ஏரியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவன். இறால் சிக்காத நாட்களில் கலந்தரின் மைக் செட்டுக்கு மரம் ஏறுவான். நல்ல ஆள். ஆனால் அவன் வம்சத்திலேயே வலது, இடது என்ற பேச்சு கிடையாது. வடக்கே இருந்து வருவது வாடைக்காற்று. அதனால் வடக்கு என்றால் வாடைப் பக்கம், எதிர்ப்பக்கம் தெக்கு, அவ்வளவுதான். ஒரு முறை காது வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனான். “எந்தக் காது?” என்றாள் நர்ஸ். “தெக்குக் காது” என்றான். அவள் நாற்காலியைத் திருப்பி வெளிச்சத்துக்கு நேராக உட்காரவைத்ததும், “இப்ப வாடைக் காதும்மா” என்று திருத்திச் சொன்னான். இரண்டு காதுக்கும் மருந்து ஊற்றி அனுப்பிவிட்டார்கள்.

இது தெரிந்துதான் கலந்தர் முதல் நாளே அவன் பாஷையில் சொல்லியிருந்தார். விமானத்தின் மூக்கைக் கடலைப் பார்க்க, அதாவது கிழக்கே வைத்துவிட்டு, “வாடைப் பக்கம் சிவப்பு, தெக்குப் பக்கம் பச்சை. பல்பை வச்சு அரக்கு ஊத்திடு” என்று சொல்லி, பாட்டரி சார்ஜுக்குக் கொடுக்கப் போனார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அப்புறம் எப்படி மாறிற்று?

“மூக்கு கடல் பக்கம்தானே இருந்துச்சு, குப்பா?”

“இல்ல பாய். நான் வந்து பாக்கசொல்ல மூக்கு பள்ளிவாசல் பக்கம் பாத்துனு இருந்துச்சு. நீங்க சொன்னா மாதிரி வாடைப் பக்கம் செவப்பு வச்சேன்.”

“யாரு திருப்பினது?”

உள்ளே இருந்து அவர் மனைவி கைருன் பீவி துடைப்பத்தோடு வந்தாள்.

“நான்தான் திருப்பினேன். இன்னா இப்ப?”

“ஏன் திருப்பினே?”

“ஏனா? மூக்கைக் கடல் பக்கம் வச்சா வால் எந்தப் பக்கம் இருக்கும்? கிப்லா பக்கம் கால நீட்டக் கூடாதுன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். வால நீட்டலாமா?”

மேற்கு நோக்கித் தொழுகிற ஊரில் இதை யாராலும் மறுக்க முடியாது.

பல்புகளைப் பிடுங்க முடியாது. குப்பன் ஊற்றிய அரக்கு அப்படி. படகு ஓட்டையே அடைபடும். அதனால் பல்பை விட்டுவிட்டு, நிறத்தை மட்டும் மாற்றிவிடலாம் என்று கலந்தர் முடிவு செய்தார். இரண்டும் நிறம் பூசிய சாதா டார்ச் பல்புகள்தான். பச்சைக்கு, தர்கா கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட். சிவப்புக்குத்தான் முதல் நாள் வழியில்லாமல் இருந்தபோது, ஜொஹரா சத்தமில்லாமல் உள்ளே போய் ஒரு நகப்பாலிஷ் குப்பியைக் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

“இது ஏதுடி உனக்கு? இதப் போட்டுக்கினா நகத்துல தண்ணி படாதே, தொழுகைக்கு ஒளு எப்டிடி கூடும்?” என்று கைருன் பீவி அதிர்ந்தாள்.

“போட்டுக்கலைம்மா. வச்சுத்தான் இருக்கேன்.”

“எதுக்கு?”

“விமானத்துக்கு” என்றாள் ஜொஹரா.

கலந்தர் துணியில் மண்ணெண்ணெய் நனைத்து இரண்டு பல்பையும் துடைத்தார். பச்சை போயிற்று. சிவப்பும் மெதுவாகப் போயிற்று. கூடவே இறக்கையின் வெள்ளிப் பெயின்ட் போயிற்று. அதை மறைக்கப்போய்க் கொஞ்சம் தள்ளித் துடைத்தார். வாலில் இருந்த நம்பரும் போயிற்று.

“வாப்பா, துடைக்காதீங்க!” என்று ஜொஹரா கத்தியபோது, விமானப்படை ஒரு விமானத்தை இழந்திருந்தது. மேசை மேல் இருந்தது வெறும் மரக்கட்டை.

“பயப்படாதே. மைக் குழாய்க்கு அடிக்கிற சில்வர் பெயின்ட் இருக்கு” என்றார் கலந்தர்.

அடித்தார். விமானம் கல்யாண வீட்டுத் தண்ணீர் ஜக்கு மாதிரி பளபளத்தது. முதுகு காய்ந்ததும், வயிற்றுக்கு அடிக்க வேண்டுமே என்று அதைத் தலையணை மேல் மல்லாத்திப் படுக்க வைத்தார்.

“நல்ல காரியம் பேச வர்ற நாள்ல மல்லாக்கவா போடுவாங்க?” என்றாள் கைருன் பீவி.

“நீ கிட்ட வராதே!”

இந்தத் தடவை அவர் ஏமாறத் தயாராக இல்லை. மூக்கைக் கடல் பக்கம் திருப்பி, கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டினார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தே வந்து சொன்னாலும் திருப்பக் கூடாது என்று மனைவியிடம் சொன்னார். வயிற்றுக்கு வெள்ளி அடித்த கையோடு, பல்புகளுக்கும் தன் கையாலேயே நிறம் பூசினார்.

“குப்பா, மூக்கு?”

“கடல் பக்கம்.”

“வாடை?”

“செவப்பு.”

“தெக்கு?”

“பச்ச.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று கலந்தர் பெருமூச்சு விட்டார். “எனக்கு உயிரே இப்பத்தான் வந்துச்சு.”

வயிற்று விளக்கு மினுக்கவேண்டும் அல்லவா? அதற்கு, ஊர்வலத்தில் விளக்குகளை ஓடவிடுகிற சீரியல் செட்டின் ரோலர் ஒன்றுதான் இருந்தது. அதையே இணைத்தார். அதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள். விமானத்தை நிமிர்த்தி நிறுத்தி, மேலே ஒரு துப்பட்டியைப் போர்த்திவிட்டு, ஓட்டமும் நடையுமாகத் தொழப் போனார்.

நிமிர்த்தினால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. படித்த பெரிய மனிதர்களே மல்லாந்து படுத்துக்கொண்டு யோசித்தால் தப்பாகத்தான் யோசிக்கிறார்கள். விமானத்தை மட்டும் சொல்லி என்ன?

ஜும்ஆ முடிந்து அம்பாசடர் கார் வாசலில் வந்து நின்றது. கூட வந்த பெண்கள் உள்ளே போனார்கள். அபூபக்கர் கூடத்தில் விறைப்பாக உட்கார்ந்தார். கௌஸ் மைதீன் தண்ணீர் வருகிற கதவைப் பார்த்து உட்கார்ந்தான். காரை ஓட்டி வந்த கேசவன் வாசற்படியில் சாய்ந்துகொண்டான். அவனும் பொன்னேரிக்காரன். அபூபக்கர் எங்கே போனாலும் வண்டி ஓட்டுவது அவன்தான்.

“சாமான் ரெடியா?” என்றார் அபூபக்கர்.

“ரெடி சம்மந்தி” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, கலந்தர் துப்பட்டியை விலக்கினார். ஸ்விட்சைப் போட்டார்.

முதலில் சிவப்பு எரிந்து அணைந்தது. அடுத்துப் பச்சை. அடுத்து வால். அடுத்து வயிறு. மறுபடி சிவப்பு. விமானம் சந்தனக்கூடு ஊர்வலத்தில் போவது போல நின்ற இடத்திலேயே போய்க்கொண்டிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. சிவப்பு எரிந்தது வலது இறக்கையில். மல்லாத்தியபோது வாடைப் பக்கம் கிடந்த இறக்கை அது.

கலந்தருக்கு வியர்த்தது. மெதுவாக விமானத்தைத் திருப்பி வைத்தார். சிவப்பும் கூடவே திரும்பியது. மறுபக்கம் திருப்பினார். முழு வட்டமாகச் சுற்றினார். எப்படித் திருப்பினாலும் சிவப்பு வலதுடனேயே போயிற்று.

“இன்னா பண்றீங்க?” என்றார் அபூபக்கர்.

“எல்லாப் பக்கமும் காட்டறேன்.”

“நிறுத்துங்க.”

நிறுத்தினார். அபூபக்கர் எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார். அவர் முகம் சிவந்துகொண்டே போயிற்று.

“இடதுல பச்சை. வலதுல சிவப்பு.”

குப்பனுக்குப் பொறுக்கவில்லை. “வாடைப் பக்கம்தான் சார் செவப்பு வச்சோம்! பாய் மேல தப்பில்ல!”

“வாடைப் பக்கமா? ஆகாசத்துல போறவனுக்கு ஏதுப்பா வாடைப் பக்கம்? வாங்க இங்கே. ரெண்டு பேரும் வாங்க!”

முற்றத்துக்கு இழுத்துப் போனார். தானே இரண்டு கையையும் விரித்து விமானமாக நின்றார்.

“நான் பறக்கிறேன். இது எந்தக் கை?”

“இடது” என்றார் கலந்தர் ஈனக்குரலில்.

“இதுல சிவப்பு. இப்ப நீங்க எதிர்ல வர்ற விமானம். கையை விரிங்க. நல்லா விரிங்க! என் சிவப்பு உங்களுக்கு எந்தப் பக்கம் தெரியுது?”

ஐம்பது வயதில் கலந்தர் முதல்முறையாகப் பறந்தார். குப்பனை வேறு திசையில் இருந்து வரச் சொன்னார் அபூபக்கர். அவன் கை விரித்து ஓடிவந்து கோழிக்கூண்டில் மோதினான்.

“பாத்தியா? விளக்கு தெரியலேன்னா இதான் கதி!” என்று கர்ஜித்தார் அபூபக்கர்.

“அப்ப எனுக்கு மூக்கு இப்ப கடல் பக்கமா சார்?”

“உனக்கு அதெல்லாம் கிடையாது! மொதல்லேர்ந்து சொல்றேன், கேளு.”

முதலில் இருந்து சொன்னார். அப்புறம், ரோலர் போட்டு விளக்கு ஓடுவது ஏன் தப்பு என்று சொன்னார். வாலில் நம்பர் ஏன் இருக்கவேண்டும் என்று சொன்னார். பிரியாணி ஆறிற்று. உள்ளே ஜொஹரா கதவிடுக்கில் நின்று நகத்தைக் கடித்தாள். கலந்தர் கை விரித்தபடியே மனசுக்குள் மகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் திட்டுகிற மனிதர் எப்படிப் பெண் எடுப்பார்?

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்ட பிறகுதான் அபூபக்கர் நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

“அப்ப, வர்ற மாசமே நிக்காஹை வச்சுக்கலாமா சம்மந்தி?”

கலந்தருக்குக் கையை மடக்க மறந்துவிட்டது. விரித்த கையோடேயே அப்படியே அவரைக் கட்டிக்கொண்டார். உள்ளே குலவை மாதிரி ஒரு சத்தம் வந்தது. கைருன் பீவி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. ஜொஹரா மூன்றாவது தம்ளர் தண்ணீரோடு வந்தாள். ஆறிய பிரியாணியை எல்லோரும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

கிளம்பும்போது கலந்தர் விமானத்தைக் கம்பளியில் சுற்றிக் கேசவனிடம் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது.

“எவ்ளோ பெரிய மனுசன்பா உங்க முதலாளி! இவ்ளோ தப்பு பண்ணியும் மன்னிச்சுட்டாரே.”

கேசவன் டிக்கியைச் சாத்திவிட்டு, காருக்குள் இருந்தவருக்குக் கேட்காமல் குனிந்து சொன்னான்:

“மன்னிச்சாரா? நீங்க ஒண்ணு பாய்! காட்டூர்லயும் ஆரம்பாக்கத்துலயும் பொண்ணு பாக்கப் போனப்பவும் இதே ஏரோப்ளேனத்தான் லைட்டக் கயட்டிட்டுக் குட்த்தாரு, அவுங்க கரீட்டா லைட்டு மாட்டிக் குட்த்துட்டாங்க, பெரியவருக்கு வாயத் தொறந்து சொல்லிக்குடுக்க ஒண்ணுமே இல்லாம பூட்சி, ‘இந்தச் சம்மந்தம் நமக்குச் சரிப்படாது’ன்னு எய்ந்து வந்துட்டாரு!”