நீர்நாய் மாடத்தி ஜீப்புக்கு இரண்டாவது பேட்டரி போட்ட கதை

ஒரு காட்டில், மழை பெய்தால் ஓடை என்றும் பெய்யாவிட்டால் பாதை என்றும் அழைக்கப்பட்ட ஒரு சரிவின் அடியில், மாடத்தி என்ற நீர்நாய் மீன் வியாபாரம் செய்துவந்தாள். முன்பெல்லாம் விலங்குகளுக்குப் பசியும் பயமும் மட்டும்தான் இருந்தன. மாடத்தியின் காலத்து விலங்குகளுக்கு அந்த இரண்டோடு ஜீப்பும் இருந்தது.

மாடத்தியின் ஜீப் நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். ஏலத்தில் எடுத்தது. பின்பக்கம் சின்னதாக ஒரு ஃப்ரிட்ஜ், ஜீப் பேட்டரியிலேயே ஓடுவது. பள்ளத்துக் குட்டையில் பிடித்த மீனை அதில் அடுக்கி மலைமேல் கொண்டுபோய் விற்றால் பிழைப்பு ஓடிவிடும்.

ஒருநாள் மலைமேலிருந்து சிறுத்தை நாச்சியார் தானே இறங்கி வந்தாள். அது பெரிய மரியாதை. யாரும் விரும்பாத மரியாதை.

"வெள்ளிக்கிழமை எங்க சின்னவனுக்குக் காதுகுத்து. எட்டுக் கூடை மீன் வேணும். கெடாம வரணும்."

"வந்துரும்மா."

"மீன் வரலேன்னாலும் நீ வந்துரு மாடத்தி. இலைக்கு எந்தப் பக்கம் உன்னை வைக்கிறதுன்னு அப்புறம் பாத்துக்கிடலாம்."

மாடத்தி சிரித்தாள். சிறுத்தை வேடிக்கையாகப் பேசினால் முதலில் சிரித்துவிட வேண்டும். அர்த்தத்தை அது போன பிறகு யோசித்துக்கொள்ளலாம். நாச்சியாரின் வால் புதருக்குள் மறைந்ததும் மாடத்திக்கு அர்த்தம் விளங்கியது.

அன்றைக்கே குட்டையில் இறங்கி எட்டுக் கூடையும் பிடித்துவிட்டாள். மடை திறந்திருந்த நேரம், மீன் வலிய வந்து ஏறியது. கொஞ்சத்தை ஃப்ரிட்ஜில் அடைத்தாள். மிச்சத்தைக் கூடைகளோடு தண்ணீரில் அமுக்கி வைத்தாள். மறுநாள் காலையில் ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருப்பினால், 'டிக்' என்றது. மறுபடி திருப்பினால் அதுவும் இல்லை. இரவெல்லாம் ஃப்ரிட்ஜ் ஓடி, பேட்டரியை உறிஞ்சிக் குடித்திருந்தது.

வெள்ளிக்கிழமையும் இப்படி நின்றால் என்ன ஆகும் என்று அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது, சிங்காரம் என்ற நரி அந்த வழியாக வந்தான்.

"இதுக்கா அக்கா முகத்தைத் தொங்கப் போட்டிருக்கே? ரெண்டு பாளம் ஐஸ் வாங்கு. உமியைக் கொட்டி மீனை அடுக்கு. ராத்திரி ஃப்ரிட்ஜை அணைச்சிரு. வண்டியைச் சரிவுல நிறுத்திக்கோ, காலையில உருட்டி விட்டா தானா ஸ்டார்ட் ஆயிரும். முடிஞ்சுது சோலி."

"இதுக்கு உனக்கு என்ன தரணும்?"

"எதுக்கு?"

"இந்த யோசனைக்கு."

"ஒண்ணும் வேண்டாம்க்கா."

அங்கேதான் மாடத்திக்குச் சந்தேகம் உறுதிப்பட்டது. நரி சும்மா கொடுத்த யோசனையைக் கேட்ட எந்தப் பிராணியும் கதையின் கடைசிப் பக்கம் வரை இருந்ததில்லை. இது காட்டில் கண் திறக்காத குட்டிக்கும் தெரியும்.

"எனக்குத் தெரியும்டா உங்க வம்சத்தை," என்றாள்.

"என்னக்கா செய்ய, எங்க முப்பாட்டன் எடுத்துக் குடுத்த பேரு. நான் போய் எங்கே மாத்த," என்று சொல்லிவிட்டு சிங்காரம் நடந்தான்.

மாடத்தி நேரே ஆமை பாக்கியநாதனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். பன்றிகள்தான் ஜீப்பைத் தள்ளிவிட்டன. பாக்கியநாதன் பொய் சொல்லமாட்டார் என்று காடே சொல்லும். பொய் சொன்னால் ஓட வேண்டிவரும். ஆமையால் ஓட முடியாது. ஆகவே அவர் வாழ்நாள் முழுவதும் உண்மையையே பேசிவந்தார்.

"அண்ணாச்சி, ஃப்ரிட்ஜுக்குன்னு தனியா இன்னொரு பேட்டரி போட்டா என்ன?"

ஆமை கழுத்தை வெளியே நீட்டினார். நீட்டி முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"நல்லதுதான்," என்றார்.

"எவ்வளவு ஆகும்?"

"பேட்டரிக்கா? ஒரு கூடை மீன்."

இவ்வளவுதானா என்று மாடத்திக்குப் பட்டது. எட்டில் ஒன்று போனால் ஏழு. குழம்பில் தண்ணீர் கொஞ்சம் கூட்டிக்கொள்வார்கள். ஒரு கூடையைக் கொடுத்துவிட்டு, பழைய டயர் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்தாள். வண்டியை விட்டால் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும், கண்ணை எடுத்தால் நட்டைக் கழற்றிவிடுவார்கள் என்பது அந்தக் காட்டின் நம்பிக்கை. என்ன நடக்கிறது என்று புரிய வேண்டிய அவசியமில்லை. பார்த்தால் போதும்.

ஆமை பேட்டரியைக் கொண்டுவந்து இறக்கி, அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அதற்கே உச்சிப்பொழுது ஆகிவிட்டது.

"மாடத்தி, இதைச் சும்மா சேத்துக் கட்டினா பழசும் புதுசும் ஒண்ணாப் படுத்துரும். அண்ணன் தம்பி ஒரே அடுப்புல சாப்பிட்டா ஒருத்தன் கடன் ரெண்டு பேருக்கும்தானே. நடுவுல ஐசொலேட்டர்னு ஒரு பெட்டி வச்சுப் பாகம் பிரிச்சு விடணும்."

நியாயமாகத்தான் பட்டது. இன்னொரு கூடை.

"பானெட்டுக்குள்ள இடமில்ல. பின்னால ஃப்ரிட்ஜ் பக்கத்துலதான் வைக்கணும். முன்னாலேருந்து அங்க வரைக்கும் தடிச்ச ஒயர் இழுக்கணும். மெல்லிசு போதும்னா போடுறேன். ஆனா தீப்பிடிக்கும்."

தீ என்ற சொல் காதில் விழுந்தபின் காட்டு விலங்கு பேரம் பேசாது. ஒயருக்கு ஒரு கூடை. அந்த ஒயரிலும் தீ வராமலிருக்க இரண்டு முனையிலும் ஃபியூஸ், அதற்கு ஒரு கூடை.

மறுநாள் டைனமோ வந்தது. "ஒத்தைக் கன்னுக்குச் சுரக்கிற மாடு ரெட்டைக் கன்னைப் பாத்தா உதைக்கும். பெரிய டைனமோவா மாத்தணும்." அதற்கடுத்து ஸ்பிரிங். "பின்னால இவ்வளவு கனம் ஏறியாச்சு. ஒரு பட்டை கூடப் போடலேன்னா மேடு ஏறையில வண்டி மல்லாக்கப் படுத்துரும். அப்புறம் உன் இஷ்டம்."

'அப்புறம் உன் இஷ்டம்' என்ற வார்த்தையை மீறி எந்தப் பிராணியும் ஒன்றைச் செய்ததில்லை. மாடத்தியும் செய்யவில்லை.

ஆறாவது கூடை இறங்கும்போது சிங்காரம் வேலி ஓரமாக வந்து நின்றான்.

"அக்கா, இப்பவும் ஒண்ணும் குடிமுழுகிப் போகல. நிறுத்திரு. இருக்கிற ரெண்டு கூடையையாவது ஐஸ்ல போட்டுக் கொண்டுபோய்க் காட்டு."

"ஆறு கூடையைக் கொட்டிட்டு நிறுத்தச் சொல்றியே, அதென்ன மீனா, மண்ணா?"

"நிறுத்தினா ஆறு போச்சு. நிறுத்தலேன்னா எட்டும் போகும்."

"வயித்தெரிச்சல் பிடிச்சவன்," என்றாள் மாடத்தி, ஆமையைப் பார்த்து.

பாக்கியநாதன் யாரையும் குறை சொல்கிறவர் அல்ல. "நரித்தம்பி நல்ல பிள்ளைதான்," என்றார். அவர் சொன்ன விதத்தில் சிங்காரத்துக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை வேலை முடிந்தது. மாடத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கூலி எவ்வளவு அண்ணாச்சி?"

"உன்கிட்ட நான் கூலி கேப்பேனா. பாத்துக் குடு."

விலை சொன்னால் குறைத்துக் கேட்கலாம். பாத்துக் குடு என்பதைக் குறைத்துக் கேட்க வழியே இல்லை. ஒரு கூடையை எடுத்து வைத்தாள். ஆமை அதைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தார். இன்னொன்றையும் வைத்தாள். "நல்லா இரு," என்றார் ஆமை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, வண்டி வெளியே வந்தது.

வண்டி அபாரமாக வந்திருந்தது. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. இரவெல்லாம் ஃப்ரிட்ஜ் தூங்குகிற பூனைபோல உறுமிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை சாவியைத் தொட்டதும் எஞ்சின் எழுந்து உட்கார்ந்தது. மாடத்தி பின்னால் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். வெள்ளை வெளேரென்று உறைபனி. கையை உள்ளே விட்டால் விறைத்தது. பேருக்கு ஒரு செதில்கூட இல்லை.

ஓடிப்போய்க் குட்டையில் குதித்தாள். அவள் டயர்மேல் உட்கார்ந்து நட்டுகளைக் காவல்காத்த நாட்களில் மடையை அடைத்திருந்தார்கள். தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றி, வெறும் சேறு. கிடைத்தது ஒரு தவளை. அதுவும் தெரிந்த தவளை.

போகாமல் இருந்தால் நாச்சியார் இறங்கி வருவாள். போனால் இறங்கி வருகிற சிரமம் அவளுக்கு மிச்சம். மாடத்தி காலைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். பார்த்தால் பக்கத்து சீட்டில் சிங்காரம்.

"நீ எதுக்குடா?"

"தனியாப் போனா உன்னைக் குழம்பு வச்சிருவாங்கக்கா. நான் வந்து பேசுறேன். நடந்ததை உள்ளபடி சொன்னா யாருக்கும் புரியும்."

"உள்ளபடியா?" என்று கேட்டாள் மாடத்தி. அதுவரை பாதி பயந்திருந்தவள், அப்போதுதான் முழுதாகப் பயந்தாள்.

மேலே பந்தல் ஜேஜே என்றிருந்தது. அடுத்த மலைச் சிறுத்தைகள், செந்நாய்கள், கழுதைப்புலிகள் எல்லாம் வந்தாயிற்று. மான்களும் முயல்களும் வாசலோரமாக நின்றன. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள், வந்தால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். மேடையில் ஒரு மைனா மைக் பிடித்து மொய் அறிவித்துக்கொண்டிருந்தது. அந்த மலையில் மொய் என்பது உப்புக்கண்டம். மூன்று தலைமுறையாக ஊர் விசேஷத்துக்கெல்லாம் செய்துவிட்டு, இன்றைக்குத்தான் நாச்சியார் வீட்டுக்கு வசூலாகிற முறை வந்திருந்தது.

நாச்சியார் ஜீப்பைச் சுற்றி வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். குளிர்ந்த காற்று அவள் முகத்தில் அடித்தது.

"நல்லாக் குளிருதே."

"ஆமாம்மா."

"மீன் எங்க?"

மாடத்தியும் ஃப்ரிட்ஜுக்குள் எட்டிப் பார்த்தாள். சிங்காரம் பணிவாக முன்னே வந்தான். "அம்மா, அந்த மீன்தான் இந்தக் குளிரா ஆயிருக்கு. எட்டுக் கூடையும் பேட்டரிக்குப் போயிருச்சு. ரெண்டு பாளம் ஐஸ் போதும்னு முதல் நாளே சொன்னேன்."

"சொன்னானா?"

"சொன்னான்மா," என்றாள் மாடத்தி.

நாச்சியாரின் வால் மெதுவாக மேலே எழுந்தது. அந்த நேரம் பார்த்து, மேடையில், "மேலப்பாறை கழுதைப்புலியார் குடும்பத்தார் வழங்கும் உப்புக்கண்டம்..." என்று இழுத்த மைனாவின் குரல் அறுந்து நின்றது. விடிந்ததிலிருந்து பாட்டுப் போட்டதில் மைக் செட்காரனின் பேட்டரி செத்துவிட்டது. மைனா வெறும் வாயால் கத்திப் பார்த்தது. முதல் வரிசைக்கே கேட்கவில்லை.

கழுதைப்புலியார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "மைக் வரட்டும். அவசரமில்ல." அவருக்குப் பின்னால் நின்றவர்களும் மூட்டையை அவிழ்ப்பதை நிறுத்தினார்கள். ஊர் காதில் விழாத மொய்யும் ஆற்றில் கரைத்த புளியும் ஒன்று. இரண்டு செந்நாய்கள் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தன.

நாச்சியாருக்குக் காதுகுத்து மறந்துபோனது, மீன் மறந்துபோனது. "யாருகிட்டயாவது பேட்டரி இருக்கா?" என்றாள். அவள் குரல் தழுதழுத்ததை அந்த மலை அதுவரை கேட்டதில்லை.

"என்கிட்ட ரெண்டு இருக்கும்மா," என்றாள் மாடத்தி.

தடித்த ஒயர், நடுவில் பாகம் பிரிக்கிற பெட்டி, இரு முனையிலும் ஃபியூஸ். கிளிப்பை மாட்டியதும் ஸ்பீக்கர் ஒருமுறை கீச்சிட்டு, "...ஒரு முழுத் தொடை," என்று முழங்கியது. புது டைனமோ ஓடிய ஓட்டத்தில் சத்தம் எதிர்மலைக்கே கேட்டது. அதற்கப்புறம் யாரும் சின்னதாகச் செய்யத் துணியவில்லை. ஒரு தொடை கொண்டுவந்தவர்கள் ஆள் அனுப்பி இன்னொன்று வரவழைத்தார்கள். ஒரு கிழட்டுச் செந்நாய் வந்து, தன் பேத்தியின் விசேஷத்துக்கும் ஜீப் வேண்டும் என்று மாடத்தியிடம் தேதி சொல்லிவிட்டுப் போனது.

"இதுக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்றாள் நாச்சியார்.

"எட்டுக் கூடைம்மா."

"அடக்க விலைதான்."

சிங்காரத்தால் பொறுக்க முடியவில்லை. "இல்லம்மா, மைக்குக்கு ஒரு சின்ன பேட்டரி வாடகைக்கு எடுத்திருந்தாலே..."

நாச்சியார் அவன் பக்கம் திரும்பினாள். சமையல்காரக் கரடி வந்து அவள் காதோரம் நின்றது. "குழம்பு கொதிச்சுக் கிடக்கும்மா. உள்ளே போட ஒண்ணுமில்ல." வந்த மொய்யை வந்தவர்களுக்கே சமைத்துப் போட்டால் குடும்ப மானம் போய்விடும். நாச்சியார் யோசித்தாள்.

"நீ என்ன கொண்டுவந்தே?" என்றாள் சிங்காரத்திடம்.

"உண்மையைச் சொல்லத்தான்மா வந்தேன்."

"மாடத்தி, இவன் உன் ஆளா?"

மாடத்தி சிங்காரத்தைப் பார்த்தாள். அந்த ஜீப்பில் இருந்த ஒவ்வொன்றுக்கும் அவள் மீன் கொடுத்திருந்தாள். ஒன்றுமே கொடுக்காமல் அதில் வந்தது அவன் ஒருவன்தான்.

"வழியில ஏறிக்கிட்டான்மா," என்று சொல்லிவிட்டு, குனிந்து, இறுக்கமாக இருந்த கிளிப்பை இன்னொருமுறை இறுக்கினாள்.

முதல் பந்தியிலேயே அவளை உட்காரச் சொன்னார்கள். பசியில்லை, பேட்டரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள் ஜீப்பின் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். இலை போடும் சத்தத்துக்கு நடுவே, ஒருவர் பெயரும் விட்டுப்போகக் கூடாது என்று பழக்கப்பட்ட மைனா, எதிர்மலைக்கும் கேட்கும்படி அறிவித்தது:

"அடிவாரம் சிங்காரம் நரியார் அவர்கள்... தன்னையே."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

நீதி: அடுத்தவரின் வெட்டிச் செலவைப் பற்றி உண்மை சொல்லியே தீரவேண்டும் என்றால், சொல்லிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வீடு திரும்பிவிடு.