லூக்கின் இடது கால்

லூக்கின் காலை உடைத்துவிடுவது என்று அமலோற்பவமேரி முடிவு செய்தபோது டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மணி மூன்று. மீன் குழம்புச் சாப்பாடு முடிந்து, அவள் கணவன் அடைக்கலராஜ் பனியனோடு மேசைமுன் உட்கார்ந்து பேனாவைத் திறந்து வைத்திருந்தான்.

"எழுதுங்க. சைக்கிள்லேர்ந்து விழுந்துட்டேன். இடது கால் உடைஞ்சிடுச்சு."

"எதுக்கு இப்ப என் கால உடைக்கிற?"

"உங்க கால் இல்லைங்க. லூக்கு கால்."

"மூணு மாசமா நான்தான லூக்கு?" என்றான் அடைக்கலராஜ். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

அமலோற்பவமேரி திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினொரு வருஷமாகப் பிரெஞ்சு மிஸ். எட்டாம் வகுப்பில் பிரெஞ்சு எடுத்தவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். அதில் ஒரு தலை குறைந்தாலும் அடுத்த வருஷம் பிரெஞ்சு கிடையாது என்று தாளாளர் புகழேந்தி ஜூன் மாதமே சொல்லிவிட்டார். நல்ல மனுஷர்தான், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் வகுப்புக்குள் நுழைந்ததும் மேரி முதலில் தலைகளை எண்ணினாள்.

பிள்ளைகளைப் பிடித்துவைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. முன்பு பாண்டியில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஒரு ஜெராக்ஸ் கொடுத்திருந்தார்கள். பிரான்சில் கடிதத் தோழர்கள் தேடும் பள்ளிகளின் விலாசம். பத்து வருஷத்துப் பழைய தாள் என்பதை மேரி பெரிதாக நினைக்கவில்லை. பள்ளிக்கூடம் என்ன, எழுந்து நடந்தா போய்விடும்?

ஜூலையில் பன்னிரண்டு பிள்ளைகளும் பன்னிரண்டு கடிதம் எழுதினார்கள். ஆபீஸ் உதவியாளர் அம்சவள்ளி அவர்களை வரிசையாகக் கூட்டிப்போய்க் கடிதங்களைத் தபாலில் சேர்த்தாள். ஆகஸ்ட் போயிற்று. "பதில் வந்துச்சா மிஸ்?" என்ற கேள்வியும் மெல்லத் தேய்ந்து நின்றது. செப்டம்பரில் ஜோஸ்வின் எழுந்து, "நான் கம்ப்யூட்டருக்கு மாறிக்கிறேன் மிஸ்," என்றான்.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான், மேரியின் வீட்டு மேசைமேல், பிரான்ஸ் நாட்டில் பன்னிரண்டு குழந்தைகள் பிறந்தார்கள். ஆறு பேரை மேரி வலது கையால் எழுதினாள், ஐந்து பேரை இடது கையால். பன்னிரண்டாவதற்கு அடைக்கலராஜைப் பிடித்து உட்காரவைத்தாள். விழுப்புரத்தில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை அவனுக்கு. பிரெஞ்சில் ஓர் எழுத்து தெரியாது; ஆனால் பார்த்து எழுதினால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போலவே இருக்கும். அவன்தான் லூக்.

லூக் ஜெர்லினின் தோழன். பன்னிரண்டு பேரில் கடைசி மார்க் ஜெர்லின்தான். மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை புடைக்கிற சவுரியம்மாளின் மகள். பாடப்புத்தகத்தில் இரண்டு வரி படிப்பதற்குள் வியர்த்துவிடும் அவளுக்கு. அந்தப் பெண் லூக்கின் கடிதத்தை அகராதி வைத்துக்கொண்டு நாலு நாள் படித்து, தானே பதில் எழுதிக் கொண்டுவந்தபோது மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. இதை எப்படி நிறுத்துவது? நிறுத்தவில்லை.

பிள்ளைகளின் பதில்களை அம்சவள்ளி மாதாமாதம் ஒழுங்காகத் தபாலில் சேர்த்தாள். இந்தக் கதையில் அது ஒன்றுதான் நிஜம். அங்கே எந்தக் குப்பைத் தொட்டியில் விழுகிறதோ என்று மேரி நினைத்துக்கொள்வாள்.

டிசம்பரில்தான் வினை வந்தது. தாளாளர் வகுப்புக்கே வந்தார்.

"மிஸ், பிப்ரவரில ஆண்டு விழா. நம்ம ஜெர்லினும் அந்த லூக்கும் மேடையில பெரிய ஸ்க்ரீன்ல வீடியோ கால் பேசணும். பார்த்துட்டு அடுத்த வருஷம் நாப்பது பேரு பிரெஞ்சுல சேருவாங்க."

அதனால்தான் கால் உடைந்தது.

திங்கட்கிழமை கடிதத்தைப் படித்த ஜெர்லின் மேசைமேல் தலை கவிழ்ந்து அழுதாள். ஜோஸ்வின்தான் எழுந்தான்.

"படுத்துக்கினே பேசலாமே மிஸ்?"

"டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாராம்."

"கால் உடைஞ்சா வாயால பேசக் கூடாதா மிஸ்?"

"ஜுரமும் இருக்காம்," என்று சொல்லிவிட்டாள் மேரி. சொன்ன மாத்திரத்தில் தெரிந்தது, சொல்லியிருக்கக் கூடாது.

ஜுரம் என்றதும் பிள்ளைகள் கலங்கிப்போனார்கள். பன்னிரண்டு பேரும் லூக்குக்கே கடிதம் எழுதினார்கள். அடுத்த ஞாயிறு கோவிலில் பங்குச்சாமியார் பூசைக் கருத்துகளை வாசித்தார். இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக நான்கு. தேர்வில் வெற்றி பெற ஒன்று. ஆறாவதாக, நிறுத்தி, கணீரென்று வாசித்தார்.

"பிரான்ஸ் நாட்டுச் சிறுவன் லூக்கின் ஜுரம் நீங்கவும், இடது கால் குணமடையவும் வேண்டி, எட்டாம் வகுப்புப் பிரெஞ்சு மாணவர்கள்."

கோவிலே ஒருமித்து மன்றாடியது. மேரி முழங்காலில் நின்றபடி தரையைப் பார்த்தாள். தான் உடைத்த காலுக்கு ஐந்நூறு பேர் ஜெபிக்கிறார்கள். ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தாள். அடைக்கலராஜ் கண்ணை மூடிக்கொண்டு, மற்ற எவரையும்விட உருக்கமாக வேண்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் சொன்னான். "இன்னான்னு தெரியல மேரி. ரெண்டு நாளா இந்த எடது முட்டிதான் வலிச்சிக்கினே இருக்கு."

"சும்மா வாங்க."

"பேஜாரா போச்சு. ஜல்தியா சரி பண்ணிடு."

சரி பண்ணினால் வீடியோ கால். பண்ணாவிட்டால் ஜெபம். மேரி கிறிஸ்துமஸ் வரைக்கும் தள்ளிப்போட்டாள், பிறகு பொங்கல் வரைக்கும். அதற்குள் தாளாளர் காலை வழிபாட்டில் ஆயிரத்து இருநூறு பிள்ளைகளையும் லூக்குக்காக ஒரு நிமிஷம் கண்மூடி நிற்கவைத்தார்.

பொங்கல் கழிந்த மறுவாரம் சவுரியம்மாள் பள்ளிக்கு வந்தாள். மண்டியிலிருந்து நேரே வந்திருந்தாள். புடவையில் மல்லாட்டைத் தொலி ஒட்டியிருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளித் தகட்டை எடுத்தாள். கால் மாதிரி வெட்டிய தகடு.

"வேளாங்கண்ணி மாதாவுக்கு, டீச்சர். பொண்ணு நேர்ந்துக்கினா. வர்ற மாசம் ரெண்டு பேரும் நடந்தே போறோம்."

"நடந்தா?"

"ஏழெட்டு நாளு ஆவும்ங்க. எடது காலுதான டீச்சர்? கடைக்காரரு கேட்டாரு. மாத்தி குடுத்துட்டா மாதாவுக்கே கொழப்பமாப் பூடும்."

"இடது கால்தாங்க," என்றாள் மேரி.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. அடைக்கலராஜ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தட்டைத் தள்ளிவைத்தான்.

"சொல்லிடு மேரி," என்றான். "வேலை போனா போவுது. அந்தப் பொண்ணு நடக்கக் கூடாது."

மறுநாள் முதல் பீரியடு. மேரி கதவைச் சாத்தினாள். தலைகளை எண்ணினாள். பன்னிரண்டு. இனி இத்தனை தலைகளைப் பார்க்கப்போவதில்லை என்று நினைத்து, இன்னொரு தரம் எண்ணினாள்.

"பிள்ளைங்களா, லூக்குன்னு யாரும் இல்ல. யாருமே இல்ல. பிரான்சுலேர்ந்து ஒரு லெட்டர்கூட வரல. எல்லாம் நான் எழுதினேன். லூக்கோடது மட்டும் என் வீட்டுக்காரர். தப்புதான். என்ன மன்னிச்சிடுங்க."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மொத்தம் மூணு விதமான எழுத்துதான் இருந்துச்சு மிஸ்," என்றான் ஜோஸ்வின். "நான் அப்பவே நெனச்சேன். எனக்குக் கம்ப்யூட்டர் ஃபார்ம் குடுத்துடுங்க."

இன்னும் இரண்டு கைகள் மெல்ல உயர்ந்தன. ஜெர்லின் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, உள்ளே அம்மா கொடுத்துவைத்திருந்த வெள்ளிக் காலைப் பார்த்தாள், மூடினாள். அழுதிருந்தால்கூட மேரிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கதவு தட்டப்பட்டது. அம்சவள்ளி, கையில் ஒரு தடித்த கவரோடு.

"டீச்சர், இதப் பாருங்க. பிரான்சுலேர்ந்து வந்துக்கீது. போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கிக்கினு குடுத்துட்டுப் போனாரு."

பன்னிரண்டு முகங்களும் மேரியின் பக்கம் திரும்பின.

"இதுவும் நீங்கதானா மிஸ்?"

"ஐயோ, சத்தியமா நான் இல்ல!"

"அப்ப உங்க வீட்டுக்காரரா?"

மேரி கவரை வாங்கினாள். தபால்தலை நிஜம். முத்திரை நிஜம். பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாராக இருக்கும்? நாலு மாதப் பொய்யையும் படித்துவிட்டு அந்தப் பள்ளி தாளாளருக்கு எழுதிய புகாராகத்தான் இருக்கும்.

ஜெர்லின் எழுந்து வந்து அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். பிரித்தாள். ஒரு கடிதம், ஒரு போட்டோ. கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று, விரலை வரிக்கு வரி ஓட்டிப் படிக்கத் தொடங்கினாள். அகராதியைக் கேட்கவில்லை. மேரி அதைக் கவனித்தாள். அந்த நேரத்திலும் கவனித்தாள்.

"ஸ்கூலை மூடி ஒம்பது வருஷம் ஆச்சாம் மிஸ்," என்றாள் ஜெர்லின். "அந்தக் கட்டடத்துல இப்ப வயசானவங்க இருக்காங்களாம். நம்ம லெட்டருங்கல்லாம் அங்கதான் போய்க்கினு இருந்திருக்கு. சாப்பிடற எடத்துல சத்தமாப் படிப்பாங்களாம். யாருக்கு எழுதினதுன்னு அவங்களுக்குப் புரியலையாம். உண்மையைச் சொன்னா நாம எழுதறத நிறுத்திடுவோமோன்னு இத்தினி நாளா சொல்லாம, ஆளுக்கு ஒரு பேரு எடுத்துக்கினாங்களாம்."

"யாரு எந்தப் பேரு?" ஜோஸ்வின் எழுந்தே நின்றுவிட்டான்.

ஜெர்லின் போட்டோவைத் திருப்பிக் காட்டினாள். நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு நரைத்த தலைகள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிதம். ஓரத்தில் சக்கர நாற்காலியில் ஒருவர், இடது காலில் வெள்ளைக் கட்டுப் போட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"லூக்குக்கு எண்பத்தொரு வயசு மிஸ். நம்ம லெட்டரப் பார்த்துட்டுதான் கட்டுப் போட்டுக்கினாராம், அடுத்த லெட்டர்ல எப்ப அவுக்கலாம்னு நம்மளக் கேக்கறாரு."